எந்த நெய்

தில்லைக்கரசிக்கு நெய் ஞாபகம் வந்திருக்க வேண்டாம். வந்ததுதான் வந்தது, காலையில் குளிக்கும்போது வந்திருக்கலாம், கம்பெனி வேனில் தூங்கி வழிந்துகொண்டு வரும்போது வந்திருக்கலாம். ராக்கெட்டுக்கு நிரப்புகிற திரவ ஆக்சிஜனைத் திறந்துவிட்டு, குழாய் குளிரட்டும் என்று ஏழு பேர் கன்ட்ரோல் ரூம் என்கிற ஒரு தகரப் பெட்டிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதா வந்து தொலைய வேண்டும்? மணி பத்து இருபது. எதிரே திரையில் குழாயின் சூடு மைனஸ் நாற்பத்தொன்று என்று காட்டியது. சூடாம் சூடு. அது மைனஸ் நூற்றெண்பதுக்கு இறங்க வேண்டும். அவசரப்படுத்தினால் குழாய் சுருங்கி விரிசல் விடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும், எப்படியும் நாற்பது நிமிஷம் பிடிக்கும். அந்த நாற்பது நிமிஷமும் அவளுக்கு ஒரே வேலைதான். எண்ணைப் பார்க்க வேண்டும், அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் மைக்கில் சொல்ல வேண்டும். கையில் வேலை இல்லாத நாற்பது நிமிஷத்தை அவளை மாதிரி ஒருத்திக்குக் கொடுக்கவே கூடாது. கை சும்மா இருந்தால் மனசு எங்கேயாவது போய் எதையாவது நோண்டும். நோண்டியேவிட்டது. முந்தாநாள் அந்தக் கடைசி இணைப்பில் கேஸ்கெட்டை வைக்கும்போது எந்த நெய்யைத் தொட்டோம்?

நெய் என்றால் சோற்றுக்கு ஊற்றுகிற நெய் இல்லை. தில்லைக்கரசி பதினோரு வருஷம் பால் பிளான்ட்டில் குப்பை கொட்டியவள். பண்ருட்டி பக்கம் ஒரு தனியார் பால் பிளான்ட். பாலை வாங்கி, குளிரவைத்து, குழாய் குழாயாக ஓட்டி, பாக்கெட்டில் அடைத்து அனுப்புகிற இடம். அங்கே ஒரு குழாயையும் இன்னொரு குழாயையும் சேர்க்கிற இடத்தில் கேஸ்கெட் என்கிற ரப்பர் வளையத்தை வைத்து இறுக்குவார்கள். அது முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கி உட்காரணும் என்பதற்காக ஒரு வெள்ளைப் பசையை விரல் நுனியில் தொட்டுத் தடவுவார்கள். வயிற்றுக்குள் போனாலும் கெடுதல் இல்லாத பசை. எந்தப் புண்ணியவான் பேர் வைத்தானோ, பிளான்ட் முழுக்க அதற்கு நெய் என்றுதான் பேர். நெய் வச்சியா, நெய் தீந்துபோச்சு, ஏம்மா இவ்ளோ நெய் வழியுது. எட்டு மாசத்துக்கு முன்னால் இந்தத் தேரிக்காட்டு மணலுக்கும் கடல் காற்றுக்கும் நடுவே ராக்கெட் கம்பெனியில் வந்து சேர்ந்த மூன்றாம் நாள், பழக்க தோஷத்தில், "நெய் எங்க சார் இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். அன்றைக்குப் பூரா சிரித்தார்கள். மதியம் சாப்பாட்டில் அவள் இலைக்கு மட்டும் ரெண்டு கரண்டி நெய் விழுந்தது. பிறகு முகுந்தன்தான் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னான். அவன்தான் இங்கே எல்லாவற்றுக்கும் தலை, அவளைவிட ஏழு வயது சின்னவன், அவள் சார் என்று கூப்பிடுவாள், அவன் மேடம் என்பான். ஆக்சிஜனுக்கு எண்ணெய்ப் பசையே ஆகாது மேடம், இவ்ளோண்டு கொழுப்பு இருந்தாலும் போதும், ஒரு தட்டு தட்டினா குப்புனு பத்திக்கும், குழாயே மெழுகுவத்தி மாதிரி எரியும், இரும்பு எரியறத பாத்திருக்கீங்களா? அதனால் இங்கே வேறு பசை. அதற்கென்றே செய்தது, பற்றிக்கொள்ளாதது, அவன் அறை பீரோவில் பூட்டிவைத்திருப்பது. பாழாய்ப்போனது, அதுவும் வெள்ளைதான். கேலி செய்த வாய்களெல்லாம் ஒரே மாசத்தில் அதையும் நெய் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டன. முகுந்தனே ஒருநாள் போர்டில் 'நெய் - சரிபார்க்க' என்று எழுதிவிட்டு, எழுதினதைப் பார்த்துத் தானே சிரித்தான். ஆக இங்கே நெய் என்றால் பீரோ நெய். அவளுடைய பழைய நெய், பண்ருட்டி நெய், அவளுடைய சிவப்பு டூல் பெட்டியில் கிடக்கிறது, தண்ணீர் பம்புகளுக்கு ஆகும் என்று கொண்டுவந்தது. பெட்டி தண்ணீர் ஷெட்டைத் தாண்டக் கூடாது. கூடாதுதான். ஆனால் முந்தாநாள் பெட்டி அவள் காலடியில் இருந்ததே, இருந்ததா இல்லையா, அந்தப் பெரிய ஸ்பானரை எதிலிருந்து எடுத்தாள்?

"மேடம், நம்பர்?" என்றான் முகுந்தன். அவள் "மைனஸ் அறுபத்தி எட்டு" என்றாள், குரல் தன்னுடையதாகவே இல்லை. யாரும் கவனிக்கவில்லை. சரி, நிதானமாக யோசிப்போம், ஒண்ணொண்ணாக யோசித்தால் வந்துவிடும். முந்தாநாள் சாயங்காலம் நாலு மணி. காற்று அடித்துக்கொண்டிருந்தது, அதனால் குழாயின் வாயைத் துணியால் மூடியிருந்தாள். கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். கூட வேலை செய்கிற ரெமி அண்ணன் எதிரே குழாயைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "மேடம் மத்தியானம் சாப்பிடவே இல்லியாம்லா" என்று திட்டிக்கொண்டிருந்தார். விரல் நுனியில் வெள்ளை. இது நன்றாகத் தெரிகிறது, ஆள்காட்டி விரலில் ஒரு பயறு அளவு வெள்ளை, வளையத்தைச் சுற்றி ஒரே இழுப்பு. அந்த வெள்ளை எதிலிருந்து வந்தது? பீரோ சாவியை வாங்கினாள். ஆமாம், வாங்கினாள், முகுந்தன் போனில் பேசிக்கொண்டே சாவியை நீட்டினான், அப்பாடா. இல்லை, அன்றைக்கு அவன் பச்சைச் சட்டை, பச்சைச் சட்டை போட்டது போன வாரம், அது மூன்றாவது இணைப்பு. மொத்தம் ஒன்பது இணைப்பு வைத்தாள், எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு பிரிக்க வரவில்லை. படிவத்தில் 'நெய் வைத்தாயிற்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அந்தப் படிவம் காலையிலிருந்து மேசையில் கண்ணெதிரேதான் கிடக்கிறது. நெய் என்று எழுதியவளே, எந்த நெய் என்று எழுதித் தொலைத்தாயா? மாட்டி முடித்த பிறகு எண்ணெய்ப் பசை தெரிகிறதா என்று விளக்கு அடித்துப் பார்த்தார்கள், வெளியே சுத்தமாக இருந்தது, உள்ளே வளையத்தின் மடிப்பில் இருப்பது எந்த விளக்குக்குத் தெரியும்? ஆள்காட்டி விரலை யாரும் பார்க்காதபோது மூக்கருகே கொண்டுபோனாள். ரெண்டு நாளாகக் குளித்த கை, தேங்காய்ச் சட்னி வாசம்தான் அடித்தது. அடி வயிற்றில் புளியைக் கரைத்தது.

ஆனால் இவள் வயிற்றில் புளி கரையாத நாள் எது? அதைச் சொல்லு முதலில். வீட்டைப் பூட்டினால் மூன்றுதரம் இழுத்துப் பார்ப்பாள், தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து நாலாவது தரமும் இழுப்பாள். கேஸை மூடினோமா என்று பஸ்ஸிலிருந்து இறங்கியிருக்கிறாள், ஒருதரம் இல்லை, ரெண்டுதரம். புருஷன் தனசேகர் நல்ல மனுஷன், சண்டை போட மாட்டான், பூட்டிய கதவையும் மூடிய சிலிண்டரையும் தினம் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பிவிடுவான், இன்றைக்குக் கூட அனுப்பியிருக்கிறான், கீழே ஒரு கும்பிடு போட்டு. பிளான்ட்டில் அந்த ஸ்பானர் விவகாரம். பதினாலாயிரம் லிட்டர் பால் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது, தொட்டிக்குள் ஸ்பானரை விட்டுவிட்டோம் என்று ஒரு எண்ணம், எண்ணம்கூட இல்லை, கண்ணால் பார்த்த மாதிரி, தொட்டியின் அடியில் வெள்ளைக்குள் பளபளவென்று கிடக்கிற ஸ்பானர். நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினார்கள். காலி செய்து பார்த்தால் ஒன்றுமில்லை, அதற்குள் பாதிப் பால் திரிந்துபோனது, ஸ்பானர் அவள் ஸ்கூட்டர் பெட்டிக்குள் சாவதானமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மேனேஜர் எல்லார் முன்னாலும், "அம்மா, முதல்ல உங்க மனசுக்கு ஒரு கேஸ்கெட் போடுங்க, கசியுது" என்றார். லோடு ஏற்றுகிற பையன்கள்கூடச் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, பாத்ரூமில் போய் அழுதாள். அன்றிலிருந்து ஒரு புத்தி வந்தது. மனசு சத்தம் போட்டால் போடட்டும், நாம் வேலையைப் பார்ப்போம். சத்தம் போடுகிற மனசு நிஜமாகவே தீ பிடித்தாலும் அதே சத்தத்தைத்தானே போடும், எதை நம்புவது? இன்றைய பயத்துக்கும் நேற்றைய பயத்துக்கும் முகத்தில் வித்தியாசமே இல்லை, ரெண்டும் ஒரே அச்சு.

"நம்பர்?" "பால் மைனஸ் நூத்திப் பன்னெண்டு" என்றாள், சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். தகரப் பெட்டிக்குள் நாலு பேர் சிரித்தார்கள், கடைசி நாற்காலிப் பெண் "பால் பொங்கிடப் போகுது மேடம், பாத்துக்குங்க" என்றாள். சிரிக்கட்டும். வந்த புதிதில், ராக்கெட்டுக்குப் பால் ஊத்த வந்திருக்காங்க என்று யாரோ சொல்லப்போக, ரெமி அண்ணன்தான் முகம் சிவந்து, "நல்ல வார்த்த பேசுங்கலே, பால் ஊத்துததாம்லா பால்" என்று அதட்டினார். செத்தவர்களுக்கு ஊற்றுவதை எந்த வாயால் இங்கே சொல்லுவது? அந்த நாளிலிருந்து அவருக்கும் அவளுக்கும் ஒரு ஒட்டுதல். ரெமிஜியுஸுக்கு ஐம்பத்திரண்டு வயது, துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தவர். அவரும் வேறு தொழிலிலிருந்து இங்கே வந்தவர்தான், அவளைப் போல. ராக்கெட் படித்த பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டும் நேரத்தில் அவர் காதை வைத்துப் பம்பு என்ன சொல்கிறது என்று சொல்லிவிடுவார். பம்பு ஆக்சிஜனுக்குப் பதிலாக ஆவியை உறிஞ்சி உறிஞ்சி நின்றுபோகிறது என்று ஆறு மாசம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பால் நுரைக்காமல் குழாய்க்கு எவ்வளவு சரிவு வைப்பார்களோ அவ்வளவு வைங்க என்று தில்லைக்கரசி சொல்ல, அவர் மறுபேச்சில்லாமல் வைத்தார். மூன்று மணி நேரம் நிரப்பினது எழுபது நிமிஷத்தில் நிரம்பியது. அந்த மனுஷனைத்தான் இன்றைக்கு வால்வு திறக்க அனுப்பப்போகிறார்கள். இங்கிருந்தே திறக்கிற மோட்டார் போன வாரம் படுத்துவிட்டது, புதுசு வர இருபது நாள். ஒத்திகைதானே, கையால் திறந்துவிட்டு வந்துவிடலாம், அஞ்சு நிமிசத்து வேலை, நான் போறேன் என்று அவரே சொன்னார். குளிர்ந்த குழாய் வால்வு வரைக்கும்தான். வால்வுக்கு அந்தப் பக்கம் ஒரு முழம் தள்ளி அந்த இணைப்பு. கைப்பிடியைத் திருப்பினால் ஆக்சிஜன் பாய்ந்து போய் முதலில் மோதுவது அதில்தான், அவர் மார்பு உயரத்தில். முழங்கால் வலிக்காரர், ஓடக்கூட முடியாது. ஓடினால் மட்டும் என்ன, அது ஓடித் தப்பிக்கிற விஷயமா?

மைனஸ் நூற்று முப்பத்தாறு. வாயைத் திற, ஒரு வார்த்தை, நிறுத்துங்க. அதற்கப்புறம்? குழாய் மறுபடி சூடாகச் சாயங்காலமாகும், இணைப்பைப் பிரிக்க நாளை, பிரித்துப் பார்த்தால் பீரோ நெய், அவ்வளவுதான், ஸ்பானர் ஸ்கூட்டரில். இந்த எட்டு மாசத்தில் மூன்றுதரம் நிறுத்தச் சொல்லியிருக்கிறாள், ரெண்டுதரம் ஒன்றுமில்லை. திங்கட்கிழமை முகுந்தன் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னான், "மேடம், உங்க ஜாக்கிரதை எங்களுக்கு வேணும். ஆனா இனிமே ஒரு ஆதாரம் இருந்தா மட்டும் நிறுத்துங்களேன்." மரியாதையாகச் சொன்னதுதான் சுருக்கென்றது. இந்த ஒத்திகை முடிந்ததும் அவளை நிரந்தரமாக்குவதாகவும் சொன்னான். தனசேகரிடம் அதை இன்னும் சொல்லவில்லை, சொன்னால் கண்பட்டுவிடும் என்று ஒரு பயம், அதுவும் ஒரு பயம், பட்டியலில் சேர்த்துக்கொள். ஆதாரம். ஆதாரம் எங்கே இருக்கிறது? சட்டைப் பையிலா? எனக்கு ஞாபகம் இல்லை என்பது ஆதாரமா? ஞாபகம் இல்லாதது ஒரு பக்கம், மனுஷன் ஒரு பக்கம். நூற்றுக்கு ஒன்றுதான் இருக்கும், ஆயிரத்துக்கு ஒன்று. அந்தப் பெட்டியைத் திறந்து டியூப்பை எடுத்திருந்தால் கைக்குத் தெரியாதா, பதினோரு வருஷம் பழகிய கை? அதுதானடி சங்கதி, பழகிய கை கேட்டுக்கொண்டா எடுக்கும்? மனசு சட்டம் பேசிக்கொண்டிருக்கும்போதே கை போய் எடுத்துத் தடவிவிட்டு வந்திருக்கும். காற்று, மணல், அவசரம், பசி. சாப்பிடாமல் வேலை செய்யாதே என்று அந்த மனுஷன் சொன்னாரே. கை பழைய இடத்துக்குத்தான் போகும்.

"ரெமி அண்ணே, கிளம்பலாம்" என்றான் முகுந்தன் மைக்கில். திரையின் இடது மூலையில் ஒரு சின்ன நீல உருவம் மணலில் நடக்க ஆரம்பித்தது, இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து. முந்நூறு அடி. மைனஸ் நூற்று ஐம்பத்தொன்று. நிற்காதா, இவருக்கு ஒரு முள் குத்தாதா, ஷூ வார் அவிழாதா, முகுந்தனுக்கே ஏதாவது தோன்றாதா, மின்சாரம் போகாதா, எத்தனை நாள் தேவையில்லாமல் போயிருக்கிறது இந்த மின்சாரம். யாராவது நிறுத்துங்களேன், என்னைத் தவிர யாராவது. அவர் பனி படிந்த குழாயின் ஓரமாகவே நடந்தார், வால்வை நெருங்கினார், வெள்ளைப் புகை இடுப்பு வரைக்கும் சூழ்ந்தது, முகக் கண்ணாடியை இறக்கிவிட்டார். மைனஸ் நூற்று எழுபத்து நாலு. சிரிப்பார்கள். சிரிக்கட்டும், பாத்ரூமில் போய் அழுதுகொள்கிறேன். வேலை போகும். போகட்டும், போய்த் தொலையட்டும், பண்ருட்டியில் மறுபடி பால் இருக்கிறது. ஒரு மனுஷன் எரிவதை இந்தக் கண்ணால் பார்த்துவிட்டு அதற்கப்புறம் எந்தக் கதவை எத்தனைதரம் இழுத்துப் பார்த்து என்ன?

"நிறுத்துங்க" என்றாள். மைக்கை அழுத்தாமலே சொல்லியிருந்தாள். கட்டைவிரலை அழுத்தி மறுபடி, கத்தினாள், "நிறுத்துங்க! ரெமி அண்ணே, திறக்காதீங்க!"

தகரப் பெட்டிக்குள் ஆறு தலையும் திரும்பின. நீல உருவம் அப்படியே நின்றது. முகுந்தன் ஹெட்போனைக் கழற்றவில்லை, மைக்கிலேயே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, நிதானமாகக் கேட்டான். "நிறுத்தியாச்சு மேடம். என்ன பாத்தீங்க?"

"ஒண்ணும் பாக்கல சார். வால்வுக்கு அந்தப் பக்கத்து ஜாயின்ட்ல நான் எந்த நெய் வச்சேன்னு ஞாபகம் இல்ல. நம்ம பீரோ நெய்யா, என் பழைய பண்ருட்டி நெய்யா. ஞாபகம் இல்ல சார், எவ்ளோ யோசிச்சும் வரல."

யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. முகுந்தன் கண்ணை மூடித் திறந்தான். அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் ஹெட்போனில் கரகரவென்று ரெமி அண்ணன் குரல், காற்றோடு கலந்து.

"மேடம், அதுக்கா இப்படி பதறுதிய? நீங்க வச்சது அதுல இல்லவே இல்ல. நேத்து நாந்தாம்லா அத கழட்டுனேன். வளையம் ஒரு பக்கம் லேசா பிசகி இருந்துச்சி. எல்லாத்தையும் சுத்தமா துடைச்சி, புது வளையம் போட்டு மாட்டிட்டேன். எழுதப் போனா எட்டு கையெழுத்து வாங்கணும், நீங்களும் ஊருக்கு போன் பேசிட்டு இருந்திய, அதாம் சொல்லல."

வயிற்றில் பாலை வார்த்தது. நிஜமாகவே அப்படித்தான் இருந்தது, தொண்டையிலிருந்து அடிவயிறு வரைக்கும் குளிர்ச்சியாக ஒன்று இறங்கியது. நாற்காலியில் சரிந்துவிட்டாள். கடைசி நாற்காலிப் பெண் அவள் தோளில் கை வைத்தாள். அவள் வைத்தது எதுவானாலும் போயிற்று, துடைத்தாகிவிட்டது, புதுசு, எல்லாம் புதுசு. முகுந்தன் பெருமூச்சு விட்டு, கோபத்தை முழுங்கிக்கொண்டு, "எழுதாம மாத்தினதுக்கு அப்புறமா பேசிக்கலாம் அண்ணே" என்றான். பிறகு அவள் பக்கம் திரும்பினான். "மேடம், அப்ப தொடரலாமா? நீங்க சொன்னாதான்." மைனஸ் நூற்று எண்பது. அவள் தலையை ஆட்டப் போனாள். ஆட்டியே விட்டாள் என்றுகூடச் சொல்லலாம், பாதி ஆட்டிவிட்டாள். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாக இருந்தது, யாரையாவது கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. திரையில் அவர் மறுபடி கைப்பிடியைப் பிடித்துக் காலை அகட்டி நின்றார். புது வளையம் விறைப்பாக இருக்குமே, அது வெறுமனே உட்காராதே.

"அண்ணே" என்றாள். "புது வளையத்துக்கு நெய் வச்சீங்களா?"

"வைக்காம எப்படி மேடம் உக்காரும்? வச்சேன்."

"எந்த நெய்ண்ணே?"

"நம்ம நெய்தான். சார் ரூம் பூட்டி இருந்துச்சி. உங்க சிவப்புப் பெட்டியில ஒரு டியூப் கெடந்துச்சிலா, அதே வெள்ளை, அதுல இருந்து எடுத்தேன். நீங்க தொடுத மாதிரியே, ஒரு பயறு அளவு."

பக்கத்தில் முகுந்தனின் நாற்காலி பின்னால் போய் விழுந்தது. அவன் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அவளுக்கு வந்தது. எங்கிருந்து வந்ததோ, பிள்ளையைத் தூங்கவைக்கிற குரலில் வந்தது.

"அண்ணே, கை எங்க இருக்கு?"

"வால்வு மேல."

"திருப்பாதீங்க. ஒரு நூல்கூடத் திருப்பாதீங்க. மெதுவா கைய எடுங்க. எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன். ஏன் மேடம், தப்பா?"

"உங்க தப்பு இல்லண்ணே. அந்தப் பேர இங்க கொண்டாந்தவ நான்தான். அத விடுங்க. எதையும் தட்டாம, எதையும் தொடாம, திரும்பி நடந்து வாங்க. ஓட வேணாம். நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீங்க நடங்க."

நீல உருவம் திரும்பியது. இடது காலை இழுத்து இழுத்து, பனிக் குழாயை விட்டு விலகி, மணலில் வர ஆரம்பித்தது. பேசிக்கொண்டே இருக்கிறேன் என்று சொன்னாளே தவிர, அதற்கு மேல் அவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. மைக்கின் மேலிருந்து கட்டைவிரலை எடுக்கவும் தோன்றவில்லை. அவர் வந்து சேர்கிற வரைக்கும் தளம் முழுக்க, எல்லார் காதிலும், அவள் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது என்று பிறகு சொன்னார்கள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன் என்றார் ரெமி அண்ணன்.